பிரேக்கப்புக்குப் பிறகு பழைய பொருள் தேடப் போவது எப்படி: சென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காதல் முறிந்து வீட்டுக்குள்ளேயே கிடந்த தோழிகள், தம்பிகள் என்று நிறைய பேரைப் பழைய புத்தகக் கடைகளுக்கும் மூர் மார்க்கெட்டுக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். என் பிரிவுக்குப் பிறகு நான் மறுபடி வெளியே நடமாடத் தொடங்கியதும் அங்கேதான். சிலருக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. சிலர் பை நிறைய வேண்டாததை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் அதைப் பார்த்துப் பார்த்து இன்னும் மோசமாக அழுதார்கள். எதை முதலில் செய்தார்கள், எதைத் தள்ளிப்போட்டார்கள் என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம் இருந்தது. அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள்.

தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருந்தால் இந்தக் கட்டுரையை இப்போதைக்கு மூடிவிட்டு 14416 என்ற டெலி மனாஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது. கடை எங்கேயும் போய்விடாது, பிறகு வரலாம்.

1. முதல் சில வாரம் எதையும் விற்காதீர்கள், பெரிதாக எதையும் வாங்காதீர்கள்

2004ஆம் ஆண்டு ஜெனிஃபர் லெர்னர், டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கொஞ்சம் பேருக்குச் சோகமான படக்காட்சி ஒன்றைக் காட்டிவிட்டு, ஹைலைட்டர் பேனா செட் ஒன்றை என்ன விலைக்கு விற்பீர்கள், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். படத்துக்கும் பேனாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் சோகக் காட்சியைப் பார்த்தவர்கள், சாதாரண காட்சியைப் பார்த்தவர்களைவிடக் கையில் இருந்ததைக் குறைந்த விலைக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள், இல்லாததை வாங்க அதிக விலை கொடுக்கவும் தயாராக இருந்தார்கள்.

பிரிவு நடந்த முதல் வாரங்களில் நாம் செய்வது அப்படியே இதுதான். அவர் போட்ட மோதிரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது, சேர்ந்து வாங்கிய சோபாவை முதலில் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவது, அதே இரவில் போனை எடுத்து ஆயிரக்கணக்கில் ஆர்டர் போடுவது. விற்க வேண்டியதை விற்கத்தான் வேண்டும், ஆனால் அந்த மோதிரம் ஒரு மாதம் பீரோவில் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. விலையைக் கேட்டால் 'அவ்வளவுதானா?' என்று உங்களுக்கே கோபம் வருகிற அளவுக்கு மனசு தெளிந்த பிறகு விற்றுக்கொள்ளலாம்.

2. போனைச் சரிசெய்யுங்கள்

கடையில் ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது 'மூன்று வருடங்களுக்கு முன் இதே நாள்' என்று போன் ஒரு போட்டோவைக் காட்டினால் அன்றைய காலை முழுவதும் போச்சு. அதனால் இந்த வேலை முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

கூகுள் போட்டோஸில் மெமரீஸ் பகுதிக்குப் போய் அந்த முகத்தையும் அந்தத் தேதிகளையும் மறைத்துவிடலாம், படங்கள் அழியாது. வாட்ஸ்அப் உரையாடலை ஆர்க்கைவ் செய்யுங்கள். கூகுள் மேப்பில் லொகேஷன் ஷேரிங் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். கோபத்தில் எல்லாப் படங்களையும் அழிக்க வேண்டாம். அதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், செய்த பிறகு திரும்ப வராது.

3. வீட்டில் இருப்பதை மூன்றாகப் பிரியுங்கள்

மூன்று அட்டைப்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அவருக்குத் திருப்பித் தர வேண்டியது, ஒன்று உங்களுடையது, மூன்றாவது 'இப்போது தெரியவில்லை'. மூன்றாவது பெட்டிதான் முக்கியம். அதில் போடுவதற்கு எந்தக் காரணமும் தேவையில்லை. டேப் போட்டு ஒட்டி, மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியை மேலே எழுதி, அட்டத்தில் ஏற்றிவிடுங்கள்.

திருப்பித் தர வேண்டியதை நீங்களே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புங்கள். 'கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்' என்று போனவர்கள் யாரும் அன்றைக்கு நிம்மதியாகத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இதைக் கடைக்குப் போவதற்கு முன் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரித்து முடிக்காமல் வீட்டில் எது குறைகிறது என்று தெரியாது, அது தெரியாமல் கடைக்குப் போனால் கண்ணில் பட்டதெல்லாம் தேவை மாதிரியே இருக்கும்.

4. இரண்டே இரண்டு வரியில் பட்டியல்

ஒன்று, உண்மையிலேயே இல்லாமல் போனது: தோசைக்கல், புத்தக அலமாரி, டபரா டம்ளர், மழைக்கு ஒரு ஜாக்கெட். இரண்டு, அவரோடு இருந்த காலத்தில் உங்களுக்குப் பிடித்தும் வாங்காமல் விட்ட ஏதாவது ஒன்று. 'இந்த மாதிரி பெரிய பெரிய பூப்போட்ட சட்டை அவனுக்குப் பிடிக்காது', 'வீட்டில் பழைய சாமான் வேண்டாம் என்று அவள் சொல்லுவாள்', இப்படி ஏதோ ஒன்று எல்லோரிடமும் இருக்கும். ஒன்றுமே தோன்றவில்லை என்றால், அவரைச் சந்திப்பதற்கு முன்னால் உங்களுக்கு எதில் பைத்தியம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இரண்டாவது வரியைத் தேடும்போதுதான் மனசு திறக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாலில் நுழைந்தால் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும், கார்டைத் தேய்த்துவிட்டு வந்துவிடலாம், அதற்குப் பிறகு மறுபடி அதே வெறுமை. பழைய பொருள் இருக்கும் இடத்தில் அப்படி நடக்காது. குவியலைக் கிளற வேண்டும், தூசி தட்ட வேண்டும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், யாரென்றே தெரியாத ஒரு கடைக்காரரிடம் பேச வேண்டும். அவருக்கு உங்கள் கதை தெரியாது, விசாரிக்கவும் மாட்டார். ரெண்டு மணி நேரம் கையும் கண்ணும் வேலையாக இருந்த பிறகு 'அட, இவ்வளவு நேரமாக நான் அதை நினைக்கவே இல்லையே' என்று தோன்றும். அந்த நேரம் கிடைப்பதற்காகத்தான் போகிறோம், பொருள் கிடைப்பது அதற்கு மேல்.

5. பணம்

ஒரு தொகையை நோட்டாக எடுத்துப் பர்ஸில் வையுங்கள். ஐம்பதும் நூறுமாகச் சில்லறையாக இருக்கட்டும். யுபிஐ செயலியை அன்றைக்குத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் தலைப்பில் சொன்ன சோதனையை நினைவில் வையுங்கள், சோகம் நம் கையை இளக்கிவிடும். நோட்டு தீர்ந்தால் கிளம்பிவிட வேண்டும்.

6. எங்கே முதலில் போவது

புத்தகம் முதலில், பாத்திரம் அடுத்து, துணி அதற்கப்புறம், மரச்சாமான் கடைசி. புத்தகத்தில் ஏமாந்தாலும் இழப்பு சிறியது, வாங்காமல் நின்றபடி படித்துவிட்டு வந்தாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. துணி வாங்க உடம்பைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும், அந்த மனநிலை வர நாளாகும். மரச்சாமானுக்கு வண்டி, ஆள், இடம் என்று பத்து முடிவுகள் எடுக்க வேண்டும். ஆரம்பத்திலேயே அதில் இறங்கினால் சோர்ந்துபோய் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலையில், பழைய ஆட்கள் பைகிராஃப்ட்ஸ் ரோடு என்பார்கள், ஞாயிற்றுக்கிழமை பிளாட்பாரக் கடைகள் விரிப்பார்கள். சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் இருக்கும் மூர் மார்க்கெட்டில் புத்தகத்தோடு மற்றதும் பார்க்கலாம். இதைவிட எனக்குப் பிடித்தது உங்கள் தெருமுனையில் இருக்கும் பழைய பேப்பர் கடைதான். கடைக்காரரிடம் 'அண்ணே, புத்தகம் வந்தா எடைக்குப் போடறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்துக்கறேன்' என்று சொல்லி வையுங்கள். கிலோ கணக்கில் விலை போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

வெளியூர் போகும் தெம்பு வந்த பிறகு இரண்டு இடம். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை, இதில் புதுத் துணிகள்தான் நிறைய, ஆனால் நடந்து சுற்ற நல்ல இடம். அப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் ஜாடி, மர டப்பா, பித்தளை, பழைய சாமி படம் என்று கடைக்குக் கடை குவிந்து கிடக்கும். அங்கே நல்ல பழம்பொருளுக்கு நல்ல விலை சொல்வார்கள், அதனால் பார்க்க மட்டும் என்று நினைத்துக்கொண்டு போங்கள்.

7. நாள், நேரம், துணை

ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன். உங்கள் பழைய ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரியும், அந்த நேரம் காலியாக இருக்கும்போதுதான் கை போனுக்குப் போகும், அந்த நேரத்தை நிரப்பிவிட வேண்டும். ஆனால் அவரோடு அடிக்கடி போன தெரு என்றால் வேறு பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாட்பாரக் கடைகளை நம்பிப் போகாதீர்கள், விரித்திருந்தாலும் சரக்கு நனைந்திருக்கும். போகிக்கு முந்தைய வாரங்களில் எல்லா வீட்டிலும் ஒழித்துக் கட்டுவதால் பேப்பர் கடைகள் நிரம்பி வழியும். ஏப்ரல், மே மாதங்களில் வீடு மாற்றுகிறவர்கள் மேஜை, அலமாரியை விற்பார்கள்.

முதல் தடவை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் உங்கள் பிரிவைப் பற்றியே பேசுகிற ஆள் வேண்டாம். 'ஏய் இதைப் பாரேன்' என்று ஒரு பழைய ஜாதிக்காய் டப்பாவைத் தூக்கிக் காட்டுகிற ஆள்தான் சரி. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு தனியாகப் போய்ப் பாருங்கள், தனியாக ஒரு காலையைக் கழிக்கத் தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் நிறைய விஷயம் எளிதாகிறது.

பையில் இருக்க வேண்டியது: துணிப்பை இரண்டு, இஞ்ச் டேப், சின்னக் காந்தம், தண்ணீர், கைக்குட்டை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியோடு போனால் பேரமும் வராது, அழுகை சீக்கிரம் வரும்.

8. புத்தகம்

கையில் எடுத்ததும் முதல் பக்கத்தைப் பாருங்கள். 'அன்புள்ள இன்னாருக்கு, என்றும் உன்' என்று நீல மையில் எழுதியிருக்கும் புத்தகங்கள் பழைய புத்தகக் கடையில் ஏராளம். அதைப் படித்துவிட்டு நடுரோட்டில் உடைந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவ்வளவு பாதிக்காது. பிடிக்கவில்லை என்றால் கீழே வைத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று வாங்கினால் கிழிக்கவும் மாட்டீர்கள், படிக்கவும் மாட்டீர்கள்.

அடுத்து கடைசிப் பக்கம் இருக்கிறதா, நடுவில் பக்க எண் தாவுகிறதா என்று புரட்டுங்கள். முதுகுப் பக்கம் அரித்திருந்தாலோ பக்கங்களில் பொடித்துளை இருந்தாலோ ராமபாணப் பூச்சி மாதிரி ஏதோ குடியிருக்கிறது, அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் மற்றதையும் தின்னும். ஈர வாடை அடித்தால் பூஞ்சை, அதையும் விடுங்கள்.

தேட வேண்டியது என்று ஒன்று சொல்கிறேன்: வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து யாரோ பைண்ட் செய்து வைத்த தொகுப்பு. கதையோடு அந்தக் காலத்து ஓவியம், பக்கத்து விளம்பரம், பாதியில் நிற்கும் ஜோக் எல்லாம் சேர்ந்து வரும். ஒரு வாரம் கூட விடாமல் சேர்த்திருப்பார்கள். இரவில் தூக்கம் வராதபோது போனுக்குப் பதிலாகக் கையில் வைத்துக்கொள்ள இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

9. பாத்திரம்

பழைய பொருளில் நம்பி வாங்கலாம் என்று நான் நினைப்பது பாத்திரத்தைத்தான், தேய்த்தால் புதுசு.

முதலில் இரும்பு தோசைக்கல். ஏற்கெனவே பழகிய கல் கிடைத்தால் விடாதீர்கள், புதுக்கல்லைப் பழக்குவதற்கு எத்தனை தோசை பிய்யும் என்று சமைப்பவர்களுக்குத் தெரியும். மேலே துரு இருந்தால் பரவாயில்லை, தேய்த்து எண்ணெய் தடவிச் சூடுகாட்டினால் போய்விடும். வார்ப்பிரும்பு என்றால் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், விரிசலுக்கு வைத்தியம் இல்லை.

வெண்கலத்தை விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று நீளமாக ஒலித்தால் நல்லது, சத்தம் மொத்தென்று நின்றுவிட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. பித்தளை என்று சொல்லிக் கொடுத்தால் காந்தத்தை வையுங்கள், ஒட்டினால் இரும்புக்கு மேல் முலாம். அதே காந்தம் இண்டக்ஷன் அடுப்புக்காரர்களுக்கும் உதவும். அடியில் ஒட்டுகிற பாத்திரம்தான் அந்த அடுப்பில் சூடேறும்.

பித்தளைப் பாத்திரத்தில் உள்ளே ஈயப்பூச்சு போயிருந்தால் அப்படியே சமைக்காதீர்கள், புளியும் எலுமிச்சையும் பட்டால் களிம்பு ஏறி உணவில் கலக்கும். பூசக் கொடுக்கும்போது வெள்ளீயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரசத்துக்கு ஈயச்சொம்பு ஆசை எல்லோருக்கும் உண்டு, ஆனால் பழையதை வாங்காதீர்கள், உடம்புக்கு விஷமான காரீயம் கலந்திருக்கிறதா என்று கடையில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க முடியாது. வண்ணம் தீட்டிய பழைய பீங்கானும் அப்படித்தான், மெருகில் காரீயம் இருக்கலாம். ஜாடியில் குடையை வையுங்கள், ஊறுகாய் வேண்டாம். கீறல் விழுந்த நான்ஸ்டிக், அடி உப்பிய குக்கர் இரண்டையும் தொடவே வேண்டாம்.

எவர்சில்வரைத் திருப்பி விளிம்பைப் பாருங்கள், பெயர் வெட்டியிருக்கும். சில டம்ளர்களில் பெயரோடு கல்யாணத் தேதியும் இருக்கும். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்துக் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள், 'இவங்களுக்கு என்ன ஆச்சோ' என்று. பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பாட்டி வீட்டைக் காலி செய்திருப்பார்கள், பேரன் சின்ன ஃபிளாட்டுக்குப் போயிருப்பான். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை என்றால் கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள், வெட்டிய எழுத்து எளிதில் அழியாது, தினமும் காபி குடிக்கும்போது கண்ணில் படும்.

10. துணி

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று விற்பது யாரும் உடுத்தாதது, ஏற்றுமதியில் மிஞ்சியது, திருப்பூர் காதர்பேட்டையில் குவிந்து கிடப்பது அந்த வகை. செகண்ட் ஹாண்ட் என்பது வேறு. வீட்டில் அம்மா 'யாரோ போட்ட துணியையா?' என்று முகம் சுளிப்பார் என்றால் சர்ப்ளஸில் தொடங்குங்கள். அம்மாவோடு சண்டை போடும் நேரம் இது இல்லை. உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் அலசித்தான் உள்ளே எடுக்கணும் என்றால் அலசிவிடுங்கள், சாயம் போகாத துணியா என்று மட்டும் பார்த்துக்கொண்டு.

சைஸ் எண்ணை நம்பாதீர்கள், வெளிநாட்டு அளவுகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையை வீட்டில் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், நீளம் மூன்றையும் இஞ்சில் அளந்து போனில் எழுதிவையுங்கள். இன்ஸ்டாகிராமில் செகண்ட் ஹாண்ட் விற்பவர்களிடம் வாங்கினாலும் இதே மூன்று அளவைக் கேளுங்கள், நிறைய பேர் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.

இன்றைக்கு இருக்கும் உடம்புக்கு வாங்குங்கள். பிரிவுக்குப் பிறகு சிலர் இளைத்துவிடுகிறார்கள், சிலருக்கு எடை கூடுகிறது. 'இதில் நுழைந்து அவன் முன்னால் போய் நிற்கணும்' என்று ஒரு சைஸ் சின்னதாக எடுத்தால், நீங்கள் இன்னும் அவருக்காகத்தான் துணி எடுக்கிறீர்கள். நான் பார்த்ததில் ரொம்ப அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

துணியை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தால் ஓட்டை தெரியும். அக்குள், காலர், தொடை இடுக்கு, ஜிப் நான்கையும் பாருங்கள். பழைய பட்டுப்புடவையில் மடிப்புக் கோடுகளில் பட்டு இற்றுப்போயிருக்கும், முழுக்கப் பிரிக்காமல் வாங்கக் கூடாது. ஜரிகை இழை ஒன்றைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் வெள்ளி ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். நீண்ட நாள் துவைத்துக் கட்டிய சுங்குடி, செட்டிநாட்டுக் காட்டன் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், புதுசில் அந்த மென்மை வராது.

உள்ளாடை, சாக்ஸ், செருப்பு, ஹெல்மெட் பழையது வேண்டவே வேண்டாம். ஒரு தடவை அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம்.

11. மரச்சாமான், போன், ஆன்லைன்

மரத்தைத் தட்டிப் பார்த்து, அடியில் மாவு மாதிரி பொடி கொட்டுகிறதா என்று பாருங்கள், கொட்டினால் உளுத்திருக்கிறது. நகத்தால் அழுத்தினால் உள்வாங்கக் கூடாது. மூட்டு இடுக்கிலும் ஸ்க்ரூ ஓட்டையிலும் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி, இலவசமாகக் கொடுத்தாலும் ஓடிவிடுங்கள். மெத்தையும் சோபாவும் அதே காரணத்துக்காக வேண்டாம். வீட்டு வாசல், மாடிப்படித் திருப்பம் அளந்து வைத்துக்கொண்டு போங்கள். குட்டியானை வாடகையையும் ஏற்று கூலியையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்குப் போட வேண்டும்.

ஓஎல்எக்ஸ் மாதிரி இடங்களில் ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையில்லை. 'க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க, பணம் வந்துடும்' என்று யார் சொன்னாலும் அது உங்கள் பணத்தை எடுப்பதற்குத்தான். பழைய போன் வாங்கினால் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், தடைசெய்யப்பட்ட போனா என்று பதில் வரும். பார்க்கப் போவது பகலில், துணைக்கு ஒருவரோடு.

12. பேரம்

காலையில் முதல் ஆளாகப் போய் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகராதீர்கள், அது போணி நேரம். வாங்கும் எண்ணம் இல்லை என்றால் கொஞ்சம் தள்ளி வாருங்கள். வாங்குவதாக இருந்தால் போணிக்கு நியாயமான விலைக்கே கொடுத்துவிடுவார்கள்.

ஒரே பொருளை வெறித்துப் பார்த்துக்கொண்டு விலை கேட்காதீர்கள். மூன்று பொருளை எடுத்து, 'மொத்தமா எவ்வளவுண்ணா, குடுக்கற விலை சொல்லுங்க' என்று கேட்டால் குறையும். அவர் சொல்லும் விலைக்கு மறுவிலை சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம், அதுவும் மனசு அடிபட்டிருக்கும்போது 'வேண்டாம்' என்ற சொல்லே வாயில் வராது. சொல்லிப் பாருங்கள். 'இல்லண்ணா, எனக்குக் கட்டாது' என்று சொல்லிவிட்டு நகர்ந்தாலும் ஒன்றும் ஆகாது, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், பாதி நேரம் கூப்பிட்டுக் கொடுப்பார். பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டவும் வேண்டாம், வெயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சாப்பாட்டுக் காசு.

13. வாங்கி வந்த அன்றே

பையை ஓரமாக வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அந்தப் பை மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும், குற்ற உணர்ச்சியும் கூடவே இருக்கும். துணியை நேராக வெந்நீரில் ஊறவையுங்கள், பட்டுத் துணியையும் கம்பளியையும் தவிர, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். புத்தகத்தை ஈரமில்லாத துணியால் துடைத்து நிழலில் விரித்து வைத்துவிட்டு, ஒரு வாரம் தனியாக இருக்கட்டும், அதற்குப் பிறகு அலமாரி. பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணி நேரம் நன்றாகவே போகும்.

அப்புறம் அதை அன்றைக்கே பயன்படுத்துங்கள். அந்தக் கல்லில் ஒரு தோசை, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு ஒரு நடை. இந்தப் பொருளில் அவருடைய நினைவு எதுவும் ஒட்டியிருக்கவில்லை, நீங்கள் முதலில் அதோடு என்ன செய்கிறீர்களோ அதுதான் அதில் ஒட்டும். 'எப்படி இருக்கு பார்' என்று அவருக்குப் போட்டோ அனுப்பத் தோன்றும், கண்டிப்பாகத் தோன்றும். உங்களோடு கடைக்கு வந்த ஆளுக்கு அனுப்புங்கள்.

14. எவ்வளவு அடிக்கடி

மாதத்தில் இரண்டு ஞாயிறு போதும். வாரத்தில் நான்கு நாள் கடையும் ஆன்லைனுமாகச் சுற்றிக்கொண்டிருந்தால், வாங்கியதை வீட்டில் ஒளித்துவைக்கத் தொடங்கினால், மூன்று மாதத்துக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள், யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகட்டும் என்ற கணக்கை நான் வைத்திருக்கிறேன், வீடும் நிரம்பாது. வெளியே போவதைத் துவைத்து, பட்டன் தைத்து, உடுத்தும் நிலையில் கொடுங்கள். கூஞ்ச் மாதிரி துணி சேகரிக்கும் அமைப்புகளுக்குத் தரலாம், தெரு இஸ்திரிக் கடை அக்காவிடம் கேட்டால் தேவைப்படும் வீட்டை அவரே சொல்வார். புத்தகம் என்றால் அதே பேப்பர் கடை அண்ணனிடம் கொடுங்கள், அடுத்த தடவை வரும் நல்ல புத்தகக் கட்டு ஒன்றை உங்களுக்காக எடுத்து வைப்பார்.